மலையகத்தில் லினக்ஸ்: நிறுவுவதற்கு முன் பார்க்க வேண்டிய எண்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற மலையக நகரங்களில் கணினி திருத்தும் தொழில் பெரும்பாலும் பழைய கணினிகளை நம்பியே நடக்கிறது. கொழும்பு அலுவலகங்களில் உழைத்துக் கழிக்கப்பட்ட மேசைக் கணினிகளும், வெளிநாடுகளிலிருந்து கொள்கலன்களில் வந்து சேரும் இரண்டாங்கை மடிக்கணினிகளும், தோட்டப் பாடசாலைகளுக்கு நன்கொடையாகக் கிடைத்தவையுமே இந்நகரக் கடைகளின் மேசைக்கு வருகின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கானது 2025 ஒக்டோபரிலும் முடிவுற்றன. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதியையும் இன்டெலின் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்பதால், இன்னும் நன்றாக ஓடக்கூடிய கணினிகளும் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியபோது, புதிய கணினி வாங்கும் எண்ணம் லயத்து வீடுகளில் மட்டுமன்றி நகரத்து ஆசிரியர் வீடுகளிலும் கைவிடப்பட்டது. ஆகவே லினக்ஸ் கேட்டு வருவோருள் கட்டற்ற மென்பொருள் பற்றிய கொள்கைப் பிடிப்பால் வருபவர் மிகச் சிலரே. ஏனையோரை அனுப்பிவைப்பது இந்தக் கணக்குத்தான்.

இக்கணக்கு பலிக்குமா என்பது இயக்கிகளைப் பொறுத்தது. ட்ரைவர் என்று கடைகளில் வழங்கும் இயக்கி, கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு வன்பொருளோடும் அதற்குரிய முறையில் பேசத் தெரிந்த சிறு மென்பொருளாகும். விண்டோஸில் அதனை உற்பத்தியாளர் எழுதி இறுவட்டிலோ இணையத்திலோ தருவார். லினக்ஸிலோ பெரும்பாலான இயக்கிகள் பணிசெயல் முறைமையின் நடுப்பகுதியான கேர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ஆகையால் கேர்னலுக்குள் இயக்கி இருக்கும் சாதனம் ஒன்றும் செய்யாமலே வேலை செய்யும். இல்லாத சாதனத்துக்கோ விண்டோஸ் பழக்கத்தில் இறுவட்டைத் தேடுவதால் பயன் ஏதும் இல்லை. சில சாதனங்களுக்கு இயக்கி மட்டும் போதாது. மின்சாரம் வந்தவுடன் சாதனத்தின் உள்ளேயே ஏற்றப்பட வேண்டிய நிலைபொருள் எனும் கோப்பும் தேவைப்படும். அது உற்பத்தியாளரின் உடைமையாக இருப்பதால், கொள்கை இறுக்கமுள்ள லினக்ஸ் வழங்கல்கள் அதனை நெடுங்காலம் தம் நிறுவல் வட்டில் சேர்க்காமலே வைத்திருந்தன. டெபியன் 2023 ஜூனில் வெளியிட்ட 12 ஆம் பதிப்பிலிருந்துதான் இக்கோப்புகள் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே இடம்பெறுகின்றன.

நகரத்தில் இயக்கியோ நிலைபொருளோ இல்லாமற்போவது சிறு தொல்லை. தோட்டத்தில் அது நிறுவலையே முடக்கிவிடும். வைஃபை இயக்கி இல்லையென்றால் அதனை இணையத்திலிருந்து இறக்க வேண்டும்; இணையமோ அந்த வைஃபை வழியாகத்தான் வர வேண்டும். கொழும்பில் ஒரு கேபிளைச் செருகிவிட்டால் இந்த வளையம் அறுந்துவிடும். பொகவந்தலாவைக்கு அப்பாலோ அக்கரப்பத்தனைப் பக்கமோ உள்ள ஒரு டிவிசனில் கேபிள் இணையம் இல்லை, டொங்கிள் ஒன்றே உண்டு. அதுவும் வீட்டின் எந்தச் சன்னலோரத்தில் சிக்னல் பிடிக்கும் என்பதை வீட்டார்தாம் அறிவர். அவ்வாறான வீட்டிலிருந்து கணினியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறுபவர் ஒரு நாட்பெயரை, அதாவது ஒரு நாட்சம்பளத்தை, இழக்கிறார். அதனை நிறுவியவரின் அசட்டையால் இரண்டாம் முறையும் இழக்கச் செய்வது நியாயமன்று. முன்கூட்டிய சோதனை மலையகத்தில் தொழிலின் பாதியாகிவிட்டதன் காரணம் இதுவே.

சோதனையில் முதலில் கைவிட வேண்டியது மூடியில் அச்சிட்ட பெயரை நம்பும் வழக்கம். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி வைஃபைச் சாதனத்தின் முதற்பதிப்பில் அதெரஸ் ஏஆர்9271 சில்லு இருந்தது. செருகியவுடன் லினக்ஸில் வேலை செய்யும் என்று பெயர் பெற்ற சில்லு அது. இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயரில், ஏறத்தாழ அதே தோற்றத்தில், ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூஎஸ் வைக்கப்பட்டது. முதற்பதிப்பின் புகழை நம்பி அதனை வாங்கியவர்கள் இயக்கி தேடி அலைந்தனர். மடிக்கணினிகளிலும் இதே நிலைதான்: ஒரே மாதிரி எண்ணுள்ள இரண்டு கணினிகளுள் ஒன்றில் இன்டெல் வைஃபை அட்டையும் மற்றதில் ரியல்டெக் அட்டையும் இருப்பது வழமையே. “இந்த மொடலுக்கு லினக்ஸ் போகுமா?” என்று கேட்பவருக்கு நேர்மையான மறுமொழி, திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது என்பதுதான்.

திறப்பதென்றால் திருப்புளியால் திறப்பது அன்று. பிசிஐ, யூஎஸ்பி ஆகிய இணைப்புகளில் உள்ள ஒவ்வொரு சாதனமும் இரண்டு எண்களைத் தன்னுள் கொண்டிருக்கும். நான்கு இலக்கங்கள் கொண்ட முதல் எண் சில்லையோ சாதனத்தையோ வெளியிட்ட நிறுவனத்தையும், அதே அளவுள்ள இரண்டாம் எண் அச்சில்லின் அல்லது சாதனத்தின் வகையையும் குறிக்கும். இவை பதினாறடிமான எண்களாதலால் சிலவற்றில் ஆங்கில எழுத்துகளும் கலந்திருக்கும். இன்டெலின் எண் 8086. 1978 இல் அந்நிறுவனம் வெளியிட்ட செயலியின் பெயரைத் தன் எண்ணாகவும் வைத்துக்கொண்ட சிறு குறும்பு அது. விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் டிவைஸ் மனேஜரைத் திறந்து, சாதனத்தின் விவரப் பகுதியில் ஹார்ட்வெயர் ஐடி என்ற வரியைப் பார்த்தால் இவ்விரு எண்களும் கிடைக்கும். வாடிக்கையாளர் கணினியைச் சுமந்து வர வேண்டியதுமில்லை. திரையைக் கைபேசியில் படம் பிடித்து, சிக்னல் உள்ள மேட்டுக்கு வந்து அனுப்பினால் போதும்.

எண் கைக்கு வந்தபின் இணையத்தில் தேடுவதே பொதுவான வழி. ஆனால் இணையமின்றியே செய்யக்கூடிய, பலர் அறியாத ஒரு சோதனை உண்டு. லினக்ஸ் வழங்கல் ஒவ்வொன்றிலும், கேர்னலின் இயக்கிகள் வைக்கப்பட்டுள்ள அடைவில் மொடியூல்ஸ்.அலியாஸ் என்றொரு உரைக்கோப்பு இருக்கும். அந்தக் கேர்னலில் உள்ள இயக்கிகள் தமக்குரியவை என்று உரிமை கோரும் சாதன எண்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 2012, 2013 காலத்து எச்பி மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள ராலிங்க் ஆர்டி3290 என்ற வைஃபைச் சில்லின் எண்கள் 1814, 3290 ஆகும். கோப்பில் இவை முன்னால் நான்கு பூச்சியங்கள் சேர்ந்து எட்டு இலக்கங்களாக, முதலெண் வி என்ற ஆங்கில எழுத்தை அடுத்தும் இரண்டாம் எண் டி என்ற எழுத்தை அடுத்தும் நிற்கும். அவ்வரியின் கடைசியில் ஆர்டி2800பிசிஐ என்று இயக்கியின் பெயர் இருக்கும். வரி இருந்தால் இயக்கி உண்டு. இதே சில்லின் மறுபாதி புளூடூத் ஆகும். அதன் எண்கள் 1814, 3298. அவ்வெண்ணுக்கு அக்கோப்பில் வரி கிடையாது, ஏனெனில் அப்பாதிக்கான இயக்கி கேர்னலில் சேர்க்கப்படவே இல்லை. ஒரே அட்டை, அதில் ஒரு பாதி ஓடும், மறுபாதி ஓடாது. கணினியைப் பெறுபவர் புளூடூத் ஒலிபெருக்கி வைத்திருப்பவரா என்று முன்னரே கேட்டுக்கொள்வது பின்னால் வரும் முகச்சுளிப்பைத் தவிர்க்கும். இந்தக் கோப்பைத் தேடச் சோதனைக்குரிய கணினியே தேவையில்லை. கடையிலுள்ள எந்தக் கணினியிலும் அந்த லினக்ஸ் வட்டை ஓடவிட்டுத் தேடலாம்.

எண் பட்டியலில் இருப்பது முதற்படியே. அடுத்தது, நிறுவாமலே பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டுப் பார்ப்பது. இதனை லைவ் ஓட்டம் என்பர்; வன்தட்டில் எதையும் தொடாது. பலர் திரை வந்ததையும் சுட்டி நகர்வதையும் கண்டு இச்சோதனையை முடித்துவிடுகின்றனர். அது போதாது. எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை சாதனங்களையும் அவற்றின் எண்களையும் பட்டியலிடும். உரிய தெரிவுகளோடு கொடுத்தால், எந்தச் சாதனத்தை எந்த இயக்கி பொறுப்பேற்றுள்ளது என்ற வரியையும் கீழே காட்டும். அவ்வரி இல்லாத சாதனம் அநாதையாக நிற்கிறது என்று பொருள். இயக்கி பொறுப்பேற்றிருந்தும் சாதனம் அசையாவிட்டால் டிமெசேஜ் கட்டளை தரும் கேர்னல் குறிப்புகளைப் படிக்க வேண்டும். அங்கே நிலைபொருளை ஏற்ற முயன்று பிழை -2 என்று முடியும் வரி இருந்தால் மகிழ வேண்டும், ஏனெனில் அந்த எண்ணின் பொருள் “கோப்பு கிடைக்கவில்லை” என்பதே. ஒரு கோப்பை வேறொரு கணினியில் இறக்கிப் பென் ட்ரைவில் கொண்டுவந்து உரிய அடைவில் வைத்தால் தீரும் நோய் அது. ஓரளவு புதிய ஆண்ட்ராய்டு கைபேசி இருப்பின் அதனைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் முறையில் இணையம் தரலாம். இதற்கான இயக்கி கேர்னலில் நெடுநாளாக உள்ளதால், மேலே சொன்ன வளையத்தை இன்று அறுக்கும் எளிய வழி இதுவே, சிக்னல் இருந்தால்.

சாதனம் பட்டியலிலேயே தோன்றாதபோது இயக்கியைத் தேடுவது வீண்வேலை. எண்ணைச் சொல்லாத சாதனத்தைக் கேர்னல் அறியாது. பழுது வன்பொருளில், அல்லது பயோஸ் அமைப்பில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஈரமும் பனிமூட்டமும் கணினிக்கு நல்லவையல்ல; மாதக்கணக்கில் திறக்கப்படாத பாடசாலைக் கணினி அறையில் வைஃபை அட்டையின் தங்கப்பற்களில் மங்கலான படலம் படிந்திருக்கும், சிலவேளை பூஞ்சணமும் இருக்கும். அட்டையைக் கழற்றி அழிரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து மீளச் செருகியவுடன், “லினக்ஸுக்கு ஒத்துவராத” வைஃபை அட்டை பட்டியலில் வந்து நிற்பதை இத்தொழிலில் உள்ள எவரும் கண்டிருப்பர். பருவமாற்றக் காலத்து இடி மின்னலுக்குப் பலியாவது பெரும்பாலும் தொலைபேசிக் கம்பியோடு இணைந்த ரவுட்டரும் தாய்ப்பலகையின் லேன் துளையும் ஆகும். அவ்வாறு செத்த துளைக்குப் பதிலாக யூஎஸ்பி லேன் இணைப்பி வாங்குபவருக்கு ரியல்டெக் ஆர்டிஎல்8152 சில்லுள்ளதைப் பரிந்துரைக்கலாம். சிறு பொத்தானால் வைஃபையை அணைத்து வைத்திருக்கும் மடிக்கணினிகள் வேறு உண்டு. பொத்தானைப் பார்க்காமல் மணிக்கணக்கில் இயக்கி தேடுவது தொழிலுக்குப் புதியவர்களின் சடங்கு.

இயக்கி உண்டு, பிழையும் இல்லை, ஆயினும் ரவுட்டரின் பக்கத்தில் அமர்ந்தால் மட்டுமே சிக்னல் பிடிக்கும் என்ற வகையும் உள்ளது. ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ சில்லு உள்ள சில மடிக்கணினிகளில் உற்பத்தியாளர் ஓர் அன்டெனாவை மட்டுமே இணைத்திருக்க, இயக்கி மற்ற முனையைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஏஎன்டி_எஸ்இஎல் என்ற அளவுருவை 1 அல்லது 2 ஆக மாற்றிக் கொடுத்தால் சிக்னல் எழுந்துவிடும். இத்தகைய குறைகளை எந்தப் பட்டியலும் முன்னறிவிக்காது. லைவ் ஓட்டத்தில் கணினியை அடுத்த அறைக்கு எடுத்துச் சென்று பார்ப்பதே சோதனை.

கேர்னலுக்கு வெளியே கிடைக்கும் இயக்கிகள் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் மலையகத்தில் இவையே அதிகத் துன்பம் தருகின்றன. புரோட்கொம் பிசிஎம்43142 என்ற வைஃபைச் சில்லுக்குக் கேர்னலில் இயக்கி இல்லை. அந்நிறுவனம் தந்த உடைமை இயக்கியைக் கணினியிலேயே தொகுத்துச் சேர்க்க வேண்டும். கேர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இதனைப் புதிதாகத் தொகுக்க வேண்டும் என்பதால் டிகேஎம்எஸ் எனும் துணைநிரல் அவ்வேலையைத் தானாகச் செய்கிறது. செய்வதற்குப் புதிய கேர்னலின் தலைப்புக் கோப்புகள் தேவை. அவை பாதியில் இறங்காமல் நின்றாலோ, செக்கியூர் பூட் எனும் பாதுகாப்பு கையொப்பமில்லாத இயக்கியை மறுத்தாலோ, நேற்றுவரை இருந்த வைஃபை இன்று காலை காணாமற்போகும். இணைய வசதி குறைந்த வீட்டுக்கு இத்தகைய இயக்கியுள்ள கணினியைக் கொடுத்தனுப்புவதைவிட, அட்டையை மாற்றிவிடுவதே மேல். பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் அதெரஸின் ஏத்9கே இயக்கிக்குரிய அட்டை ஒன்றைச் செருகினால், அந்த இயக்கி நிலைபொருள் கோப்பும் கேட்காதாதலால், பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. ஆனால் எச்பி, லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றின் பயோஸ், தான் ஒப்புக்கொண்ட அட்டைகளைத் தவிர வேறெதனையும் ஏற்காது. வேறு அட்டையைச் செருகினால் எச்பி கணினி பிழை 104 என்று காட்டித் தொடங்க மறுத்து நிற்கும். ஆகவே அட்டைக்குக் காசு வாங்கும் முன்னர் இதனையும் சோதிக்க வேண்டும்.

கணினி பழையதாக இருப்பதைப் போலவே மிகப் புதியதாக இருப்பதும் இடர்தான். ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ சில்லுக்கான இயக்கி 2020 இல் வெளிவந்த 5.9 ஆம் கேர்னலில்தான் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வெளியான உபுண்டு 20.04 இன் முதல் வட்டில் இருந்ததோ 5.4 ஆம் கேர்னல். அடுத்த ஆண்டு வெளியான 20.04.3 வட்டில் கேர்னல் 5.11 ஆனபோது அதே கணினி அதே பெயருள்ள உபுண்டுவில் வேலை செய்தது. கடையின் அலுமாரியில் கிடக்கும் பழைய வட்டைக் கொண்டு சோதித்து “இதற்கு லினக்ஸ் சரிவராது” என்று தீர்ப்புச் சொல்வது இதனால் தவறு. மறுபுறம், 32 பிட் செயலியுள்ள பழங்கணினிகளுக்கு வாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன: உபுண்டு 17.10 இலிருந்து 32 பிட் மேசை நிறுவல் வட்டை நிறுத்தியது. டெபியனும் 2025 ஓகஸ்ட்டில் வெளியான 13 ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவலைக் கைவிட்டது. வரைகலைச் சில்லுகளுள் எஸ்ஐஎஸ் நிறுவனத்தின் 1039, 6351 என்ற எண்ணுள்ளதும், இன்டெலின் 8086, 8108 என்ற எண்ணுள்ள ஜிஎம்ஏ 500 என்பதும் கண்டவுடன் கையெடுத்துக் கும்பிட வேண்டியவை. படம் தெரியும், வீடியோ பார்க்க வாங்கியவருக்கு அது போதாது.

டொங்கிள் தோட்டத்து இணையத்தின் உயிர்நாடி. 2006 இல் டயலொக் நிறுவனம் இலங்கையில் 3ஜி சேவையைத் தொடங்கியதன் பின்னர் பரவிய ஹுவாவி டொங்கிள்களுள் பெரும்பாலானவை இரட்டை வேடம் கொண்டவை. செருகியவுடன் தம்மை ஓர் இறுவட்டு இயக்ககம் என்று அறிமுகம் செய்யும். அவ்வட்டுக்குள் விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு இருக்கும். அது வேலை முடித்தபின்னரே டொங்கிள் தன் எண்ணை மாற்றிக்கொண்டு மோடமாகத் தோன்றும். லினக்ஸில் யூஎஸ்பி மோட்சுவிட்ச் என்ற சிறு நிரல், வேடத்தைக் கலைக்கும் கட்டளையை அனுப்புகிறது. ஆகவே லைவ் ஓட்டத்தில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டொங்கிள் செருகியவுடன் ஒருமுறையும் சிறிது நேரம் பொறுத்து மறுமுறையும் கொடுத்து, எண் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் வழி பிறந்தது. இ3372 போன்ற பிந்திய 4ஜி டொங்கிள்களின் ஹைலிங்க் வகை மோடமாக அன்றி வலையட்டையாகவே தோன்றுவதால் தொல்லை குறைவு. வாடிக்கையாளர் டொங்கிளை வீட்டில் விட்டு வந்தால் கணினியைச் சோதித்தது பாதிதான். வரும்போது கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

பிரின்டரையும் அவ்வாறே. எச்பி லேசர்ஜெட் 1020 தன் நிலைபொருளை உள்ளே வைத்துக்கொள்ளாது. மின்சாரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் கணினி அதனை மீள ஏற்ற வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்ட நாட்டில், இதனை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்து “சரி” என்று சொல்ல முடியாது. அணைத்து, மீளப் போட்டு, மறுபடி அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பாடசாலைகளில் விரும்பப்படும் கெனன் எல்பிபி2900, கெப்ட் என்ற தன் உடைமை மொழியில் மட்டும் பேசுவதால், லினக்ஸில் அதனை ஓடவைப்பது பொறுமையைச் சோதிக்கும். எப்சனின் பழைய ஊசி அச்சுப்பொறிகளோ பலரறிந்த மொழியில் பேசுவதால் இயக்கிக்குத் தவிப்பதில்லை; தமிழை எழுத்தாக அன்றிப் படமாக அச்சிடுவதால் மெதுவாகக் கரகரக்கும், அவ்வளவே.

தோட்டக் காரியாலயக் கணினிக்கு வரும்போது கேள்வியின் இயல்பே மாறுகிறது. கொழுந்து மடுவத்தில் மின்னியல் தராசு உள்ள சில தோட்டங்களில், நிறை சீரியல் கம்பி வழியாகவும் யூஎஸ்பி மாற்றி வழியாகவும் கணினிக்கு வருகிறது. இவ்விடத்தில் லினக்ஸ் விண்டோஸைவிட இளகிய மனமுடையது. இத்தகைய மாற்றிகளுக்குச் சில்லு செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் 0403, 6001 என்ற எண்ணைப் போலியாகத் தாங்கிய சில்லுகளின் இரண்டாம் எண்ணை, அந்நிறுவனத்தின் விண்டோஸ் இயக்கி 2014 ஒக்டோபரில் பூச்சியமாக்கி முடக்கியது. லினக்ஸ் கேர்னலோ பூச்சிய எண்ணையும் ஏற்றுக்கொண்டு அவற்றை ஓடவைத்தது. சிஎச்340 என்ற மலிவான மாற்றிக்கு மட்டும் உபுண்டு 22.04 இல் ஒரு விசித்திரம் உண்டு: பார்வையற்றோருக்கான பிரெயில் கருவி என்று தவறாக எண்ணி பிஆர்எல்டிடிவை என்ற நிரல் அதனைப் பிடித்துக்கொள்ளும், அந்நிரலை நீக்கினால் தராசு பேசத் தொடங்கும். ஆயினும் தராசின் இயக்கி ஓடுவதனால் செக்ரோல் ஓடிவிடாது. தொழிலாளர் பெயர், கொழுந்து நிறை, முற்பணம், கழிவு ஆகிய அனைத்தையும் தாங்கிய அக்கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டிருப்பின், அக்கணினியில் கைவைக்க வேண்டாம் என்று காரியாலய உத்தியோகத்தரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சம்பள நாளில் பட்டியல் அச்சாகாத தோட்டத்தில் லினக்ஸின் நற்பண்புகளை விளக்குவதற்கு யாரும் இடந்தர மாட்டார்கள்.

சோதித்ததை எழுதி வைப்பது இத்தொழிலில் குறைவாகவே காணப்படுகிறது. காலப்போக்கில் அதிகம் உதவுவதும் அதுவே. எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யூஎஸ்பி, டிமெசேஜ் ஆகியவற்றின் வெளியீடுகளைக் கணினியின் பெயரிலும் திகதியிலும் ஒரு கோப்புறையில் சேமித்து, எந்த வழங்கலின் எந்தக் கேர்னலில் சோதிக்கப்பட்டது என்றும், எது ஓடவில்லை என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டால், அடுத்த முறை அதே எண் வரும்போது இணையம் தேவைப்படாது. பாடசாலைக்குப் பத்துக் கணினிகள் ஒரே பெட்டியில், ஒரே மாதிரி எண்ணோடு நன்கொடையாக வரும்போது முதல் கணினியை மட்டும் சோதித்து மற்ற ஒன்பதுக்கும் அதே படிமத்தை ஏற்றுவது பெருவழக்கம். அவற்றுள் இரண்டில் வேறு வைஃபை அட்டை இருந்தால் அது நிறுவல் முடிந்து, கணினிகள் மலை ஏறி, அதிபர் திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பின்னரே தெரியவரும். பத்தையும் ஒவ்வொன்றாக லைவ் ஓட்டத்தில் எழுப்பி, எண்களை மட்டும் பதிந்துகொண்டு அணைக்க அரை நாள் போதும்.